ரொட்டிக்கடைக்காரனுக்கு இரண்டே பக்கம்

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில், ஒரு நாவலில் இருத்தலியம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில், மூன்றாம் இயலின் தலைப்பைத் திருத்தினேன். 'சமூகத் தீர்ப்பும் தனிமனித மௌனமும்' என்று இருந்ததை 'தனிமனித மௌனமும் சமூகத் தீர்ப்பும்' என்று மாற்றினேன். இப்போது கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. நெறியாளர் அவிநாசியப்பன் ஐயாவுக்குப் பிடிக்கும். எங்கள் தமிழ்த்துறைத் தலைவரும் அவர்தான். இயல்களில் அவர் தலைப்பை மட்டும்தான் படிப்பார்.

பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. எங்கள் கல்லூரித் தாளாளரின் அப்பா காலமாகிவிட்டார், எண்பத்தாறு வயது. உடனே விடுமுறை விட்டார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் கல்லூரிப் பேருந்திலேயே இழவு வீட்டுக்குப் போனோம். துறையின் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். வேட்டியெல்லாம் ஈரம்.

மாலை போட்டு, தாளாளரைக் கும்பிட்டு, வரிசையாகத் திரும்பினோம். அப்போது எங்கள் வரிசையிலிருந்து யாரோ, நல்ல சத்தமாகவே, "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டார்.

இழவு வீட்டில்! சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். 'வர்றேன்' என்றால் அடுத்த சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். தாளாளர் தலையில் போட்டிருந்த துண்டை விலக்கி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. பாவம், அழுதிருப்பார்.

யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல கூட்டம்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோய்ப் பாதிச் சோப்போடு நின்றேன். மோட்டார் போடச் சொன்னது காதில் விழவில்லையா என்று சாந்தாமணி சத்தம் போட்டாள். என் மனைவி. அவளுக்கு மோட்டார்தான் இருத்தலியம்.

பிப்ரவரி 10, சனி

மூன்றாம் இயலில் பதினோரு வரி. தலைவலி. யாரோ சொன்னதற்கு எனக்கு ஏன் தலைவலி வர வேண்டும்?

பிப்ரவரி 12, திங்கள்

ஆசிரியர் அறையில் இன்று வேறு பேச்சே இல்லை. சொன்னது யார்?

அலுவலக உதவியாளர் ரங்கன் டீ ஊற்றிக்கொண்டே சாட்சி சொன்னார். "என்ற காதுல நல்லா உழுந்துச்சுங்க. கொரலு மெலிசுங்க. பொம்பளக் கொரலாட்டத்தான் இருந்துச்சு."

எங்கள் துறையில் பெண் ஒருவர்தான். ஜெபமலர். நாசரேத் பக்கத்துக்காரர். இரண்டு வருஷமாக ஒப்பந்த விரிவுரையாளர். பெண் குழந்தையோடு கல்லூரிக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருக்கிறார். ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பேச்சு நடக்கும்போது அவர் வகுப்பில் இருந்தார்.

"அதானே பாத்தேன்" என்றார் அவிநாசியப்பன் ஐயா. "நம்மூர்க்காரங்க யாருங்க அப்புடிச் சொல்லப்போறாங்க? தெக்கத்தியாளுங்களுக்கு நம்ம மொறை தெரியாதுங்க. என்னுங்க சென்னியப்பன்?"

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். புறம்பேச்சில் கலந்துகொள்வது ஆய்வாளனுக்கு அழகல்ல. அதுவும் சமூகத் தீர்ப்பைப் பற்றி ஆய்வு செய்கிறவனுக்கு.

நான் ஆய்வுக்கு எடுத்த நாவலில் இதே கதைதான். பழைய ஐரோப்பிய நாவல், தமிழில் நல்ல மொழிபெயர்ப்பு. ஒரு துறைமுக ஊரில் மணிக்கூண்டுக் காவலன் ஒருவன். நகரத் தலைவரின் சவ ஊர்வலம் போகிற நேரத்தில் கடிகாரம் நின்றுவிடுகிறது. அவன்தான் வேண்டுமென்றே நிறுத்தினான் என்று ஊர் முடிவு செய்கிறது. அவன் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். உண்மையில் நடந்தது, பற்சக்கரத்தில் ஒரு புறா சிக்கிக்கொண்டது. எதிரே கடை வைத்திருக்கும் ரொட்டிக்கடைக்காரன் அதைப் பார்த்தான், சொல்லவில்லை. அவன் மொத்தமே இரண்டு பக்கம்தான் வருகிறான். முக்கியமான பாத்திரம் இல்லை.

மத்தியானம் கேஸ் ஏஜென்சியிலிருந்து போன். "மேடம், சிலிண்டர் வந்துட்டிருக்கு, வீட்ல இருங்க" என்றான். நான் மேடம் இல்லையடா என்று எத்தனை வருஷமாகச் சொல்வது? வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தாளாளரின் சித்தப்பா இறந்துவிட்டார். தொண்ணூற்றோரு வயது, மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை, மூக்கில் குழாய். ஆனாலும் ஊர் அதைப் பார்க்கவில்லை, தேதியைத்தான் பார்த்தது. "பதினோரே நாளுங்க!" என்று ரங்கன் விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்.

மறுபடியும் பேருந்து, மறுபடியும் மாலை. இம்முறை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவிநாசியப்பன் ஐயா வந்த தும்மலைக்கூட மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார். தாளாளரின் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து, "அந்தத் தெக்கத்திப் புள்ள வந்திருக்குதா?" என்று கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. ஜெபமலரைச் சுற்றி நாலடிக்கு ஆளில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார்.

போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். செருப்பைக் காணவில்லை. தேடுவதிலேயே நேரம் போய்விட்டது.

பிப்ரவரி 23, வெள்ளி

விசாரணைக் குழு அமைத்துவிட்டார்கள். 'இரங்கல் நிகழ்வில் கல்லூரியின் மாண்புக்கு ஒவ்வாத நடத்தை' என்பது குற்றச்சாட்டு. தலைவர் அவிநாசியப்பன் ஐயா. உறுப்பினர்கள் எங்கள் துறையில் இருவர். உறுப்பினர் செயலர், நான்.

"எனக்கு எதுக்குங்க ஐயா?" என்றேன்.

"நீங்கதான் சமூகத் தீர்ப்புல ஆராய்ச்சி பண்றீங்களே! உங்களை உட்டா நம்ம காலேஜுல வேற யாருக்குங்க இதுல ஞானம்?"

ஆணையை வாங்கிக்கொண்டேன். ஆய்வேட்டில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

இட்லிக்கு மாவு ஆட்டினேன். கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. சாந்தாமணி தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அன்னைக்கு எழவு ஊட்டுல சொன்னது அந்தப் புள்ளதானா?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கலீங்க. எங்கப்பன் செத்தன்னைக்கு நடு ஊட்டுல நின்னு 'போயிட்டு வர்றனுங்க மாமா'ன்னு பொணத்துக்கிட்டச் சொல்லீட்டுப் போன ஆளு நீங்க. ஏடிஎம் மிஷினுக்கே கையெடுத்துக் கும்புட்டு வர்றனுங்கன்னு சொல்றீங்க. அதான் கேட்டேன்."

இடுப்பு வலி தாங்க முடியவில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன். படிக்காதவள் இல்லை, பி.காம். ஆனால் நிரூபணம் இல்லாமல் பேசுவாள்.

மார்ச் 4, திங்கள்

விசாரணை. முதல்வர் அறையில் மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் குறிப்பேட்டோடு ஓரமாக உட்கார்ந்தேன்.

ஜெபமலர் வெளிர்நீலப் புடவையில் வந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "எங்க ஊர்லயும் துட்டி வீட்டுல சொல்லாமத்தான் சார் கெளம்புவோம். இது உங்க ஊர் வழக்கம் மட்டும் இல்ல" என்றார். பிறகு ரங்கனிடம் திரும்பினார். "அண்ணே, அன்னைக்கு உங்க காதுல விழுந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"போயிட்டு வர்றனுங்க. அதானுங்க."

"சார், நீங்க எல்லாரும் தமிழ் படிச்சவங்க. நான் என்னைக்காவது 'வர்றனுங்க'ன்னு பேசிக் கேட்டிருக்கீங்களா? எனக்கு 'வாரேன்'னுதான வரும்?"

நான் குறிப்பேட்டில் பக்கத்தைத் திருப்பினேன். அவிநாசியப்பன் ஐயாவின் முனைவர் பட்டமே 'கொங்கு வட்டார வழக்கில் வினைமுற்றுகள்'. முந்நூற்று நாற்பது பக்கம். அதில் 'வர்றனுங்க'வுக்கு மட்டும் ஆறு பக்கம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு வருஷம் எங்க தண்ணியக் குடிச்சா எங்க பேச்சும் ஒட்டிக்கும்மா."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு பக்கமும் போச்சு.

"செரி, நீங்க சொல்லலைன்னா வேற யாரு சொன்னது? தெரியுமா?"

ஜெபமலர் என் பக்கம் பார்த்தார். என் பக்கம் என்றால், எனக்குப் பின்னால் சன்னல் இருந்தது, அதையும் பார்த்திருக்கலாம். "தெரிஞ்சவங்க சொல்லட்டும் சார்" என்றார்.

'வினாவுக்கு விடையளிக்க மறுத்தார்' என்று குறித்துக்கொண்டேன். மணிக்கூண்டுக் காவலனின் மௌனத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பாக இருந்தது. மூன்றாம் இயலில் ஒரு அடிக்குறிப்பு போடலாம்.

மார்ச் 5, செவ்வாய்

ஜெபமலருக்கு நாவலைப் படிக்கக் கொடுத்தேன். "இதுல ஒரு மனுசனை ஊரே சேர்ந்து எப்படித் தீர்ப்புப் பண்ணுதுன்னு வருதுங்க. உங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றேன். புத்தகத்தையும் என்னையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி சார். படிக்கேன்" என்று வாங்கிக்கொண்டார். முகம் தெளிந்த மாதிரி இருந்தது. நான் செய்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். இந்தக் கல்லூரியில் வேறு யார் அவருக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள்?

மார்ச் 11, திங்கள்

அறிக்கை எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம்தான், நடை நன்றாக வந்திருக்கிறது. முக்கியமான பகுதியை இங்கேயும் படியெடுத்து வைக்கிறேன்:

'மேற்படி நபர் இரங்கல் இல்லங்களில் கடைப்பிடிக்க வேண்டிய மரபை நன்கு அறிந்தவர். அறிந்தும் பிறழ்ந்துள்ளார். உண்மையை எடுத்துரைக்கப் போதிய வாய்ப்பு இருந்தும் மௌனம் காத்தார். அம்மௌனத்தால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட களங்கத்தை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இத்தகையவர் ஆசிரியப் பணிக்கு எடுத்துக்காட்டாக விளங்க இயலாது.'

"அடேங்கப்பா! என்ன தமிழுங்க!" என்றார் அவிநாசியப்பன் ஐயா. அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே பேனாவால் ஆய்வேட்டிலும் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கடைசி வேலை நாள். ஜெபமலருக்கு ஒப்பந்தம் இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். கூடவே பணிச் சான்றிதழ். அதில் 'நடத்தை' என்கிற இடத்தில் 'திருப்தி இல்லை' என்று தட்டச்சாகியிருந்ததை ரங்கன் சொன்னார்.

என் மேசையில் நாவல் இருந்தது. நான் வகுப்பில் இருந்தபோது வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நடுவில் ஒரு பழைய பஸ் டிக்கெட் அடையாளத்துக்கு இருந்தது. எந்தப் பக்கம் என்று திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

இந்தக் கோடையில் வெயில் அதிகம். பாத்ரூம் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும்.

ஜூன் 19, புதன்

ஜெபமலர் இடத்தில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். நம்மூர்க்காரன். எல்லோரையும் பார்த்து நாளுக்குப் பத்து முறை 'வர்றனுங்க' என்கிறான். பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று பொது வாய்மொழித் தேர்வு. முடிந்துவிட்டது. நான் முனைவர் சென்னியப்பன்.

அரங்கில் எண்பது பேர். வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் நல்ல மனிதர். மூன்று கேள்வி கேட்டார், மூன்றுக்கும் அவரே பதில் சொன்னார். பிறகு, விதிப்படி, "அவையிலிருந்து யாரேனும் வினா எழுப்பலாம்" என்றார். இது ஒரு சம்பிரதாயம். யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்தால் யார் கேட்பார்கள்?

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வெளிர்நீலப் புடவை.

"வணக்கம். நான் ஜெபமலர். முன்னால இங்க தமிழ் விரிவுரையாளரா இருந்தேன். ஆய்வாளர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. உங்க ஆய்வேட்டுல ஊரைப் பத்தி ஒரு இயல் இருக்கு. குற்றம் சாட்டப்பட்டவனைப் பத்தி ரெண்டு இயல் இருக்கு. உண்மை தெரிஞ்ச ரொட்டிக்கடைக்காரனைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, ஏன் சார்?"

புறத்தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அருமையான வினா!" என்றார். அவிநாசியப்பன் ஐயா எனக்குக் கண்ணைக் காட்டினார். தண்ணீர் குடித்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது இது:

"அது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டதுங்க."

"நன்றி சார்" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டத்துக்குப் பரிந்துரை என்று அறிவித்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் நான் பரிமாறினேன். ஜெபமலர் சாப்பிட உட்காரவில்லை. கைகழுவும் குழாய்ப் பக்கம் பையோடு நின்றார். போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

"உங்களைச் சங்கடப்படுத்த வரல சார். அடுத்த மாசம் இருபதாம் தேதி எங்க ஊர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல இண்டர்வியூ. இந்தச் சர்டிபிகேட்டோட போனா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. மாத்திக் குடுங்கன்னு ஆபீஸ்ல கேக்க வந்தேன். முடியாதுன்னுட்டாங்க. நோட்டீஸ் போர்டுல உங்க பேரைப் பாத்தேன், அதான்."

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு வரிசையில நான் உங்க பின்னாலதான் சார் நின்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே!"

"நான் சொன்னா யாரு நம்புவா? விசாரணையில நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன். மறுநாளு புத்தகம் குடுத்தீங்க. படிச்சேன். ரொட்டிக்கடைக்காரன் வந்தான். சரி, சார் சொல்லப்போறாரு, அதுக்குத்தான் இதைக் குடுத்திருக்காருன்னு நெனச்சேன். மாசம் முழுக்க அந்த நெனப்புலயே இருந்துட்டேன் சார்."

மகளுக்கு என்று இலையில் கட்டிக்கொடுத்த மைசூர்பாகை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தக் குறிப்பேட்டில் ஆறு மாதமாக 'யாரோ' என்று எழுதிவந்திருக்கிறேன். நான்தான் சொன்னேன். பழக்கதோஷம். வாயில் வந்துவிட்டது. சொன்னது குற்றமில்லை. மற்றதெல்லாம் குற்றம். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தாளாளர் வீட்டுக்குப் போனேன். பட்டம் வாங்கியதற்காகச் சால்வையோடு காத்திருந்தார். போர்த்துவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சால்வையைப் பிடித்தபடியே கேட்டார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்களே. துண்டை வெலக்கிப் பார்த்தது உங்களைத்தானுங்க. இத்தனை வருஷமாக் கேக்கற கொரலு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏனுங்க ஐயா அந்தப் புள்ளையை..."

"சித்தப்பன் போனதுக்கப்பறம் எங்கம்மா சோறு திங்காம உக்காந்துட்டாங்க. யாராவது ஒருத்தரு வெளிய போனாத்தான் அடங்கும்ன்னு ஆயிப்போச்சு. நீங்க நிரந்தரம். உங்களை எடுக்கறதுன்னா ஆயிரத்தெட்டுக் காயிதம். அந்தப் புள்ளைக்கு ஒரே லெட்டருங்க."

"என்னை எதுக்குங்க விசாரணைக் குழுவுல போட்டீங்க?"

"நாந்தான் போடச் சொன்னேன். உண்மையச் சொல்ற ஆளா இருந்தா அங்கயே சொல்லியிருப்பீங்க, நானும் அதோட உட்டிருப்பேன். சொல்லாத ஆளா இருந்தா ரிப்போர்ட்டை நல்லா எழுதுவீங்க. எப்புடியும் நமக்கு நட்டமில்லீங்க."

சான்றிதழை மாற்றித் தரக் கேட்டேன். "எல்லாருக்கு முன்னால வந்த கெட்ட பேரு, எல்லாருக்கு முன்னால போனாத்தானுங்க நான் கையெழுத்துப் போட முடியும். ஊட்டுக்குள்ள வந்து சொன்னா எங்கம்மாளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். சால்வையைப் போர்த்தி அனுப்பினார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பிப்ரவரியில கேட்டேன், செப்டம்பர்ல பதில் வருது. முனைவர் பட்டம் வாங்கற ஆளுன்னா நேரம் ஆகத்தான் செய்யும்" என்றாள். பிறகு, "அஞ்சாம் தேதி ஆசிரியர் தின விழாவுல உங்களுக்குத்தான பாராட்டு? மைக் கையில குடுப்பாங்கல்ல? சொல்லீருங்க. நானும் வர்றேன்" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது எனக்கு. வெங்காயமும் இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

சொன்னேன்.

ஏற்புரையில் இரண்டாவது வாக்கியமே அதுதான். "பிப்ரவரி ஒன்பதாம் தேதி இழவு வீட்டில் 'போயிட்டு வர்றனுங்க' என்று சொன்னவன் நான். ஜெபமலர் அல்ல."

அரங்கம் அதிரக் கைதட்டல். நான் திகைத்து நின்றேன். அவிநாசியப்பன் ஐயா மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்க! அடுத்தவர் பழியைத் தன் மேலே போட்டுக்கொண்டு பேசுகிறார். இதுதான் இருத்தலியம்! என்ன தன்னடக்கம்! எப்பேர்ப்பட்ட உவமை!"

"உவமை இல்லீங்க ஐயா! நெசம்!" என்று கத்தினேன். மைக் அவர் கையில் இருந்தது. இரண்டாம் வரிசையில் சாந்தாமணி எழுந்து நின்று, "நெசந்தானுங்க! எங்க ஊட்டுக்காரருதான்!" என்றாள். ஊட்டுக்காரரைப் பற்றி மனைவி பெருமைப்படுகிறாள் என்று நினைத்து அதற்கும் கைதட்டினார்கள். தாளாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி நேரம் தாண்டிவிட்டது என்று யாரோ சைகை காட்ட, ரங்கன் நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார். எல்லோரும் எழுந்து விறைப்பாக நின்றோம். நானும் நின்றேன். வேறென்ன செய்வது?

செப்டம்பர் 6, வெள்ளி

எழுதிக் கொடுத்தேன். அலங்காரம் ஒன்றும் வைக்கவில்லை. எட்டு வரி. நான் சொன்னேன், அவர் சொல்லவில்லை, விசாரணையில் நான் மறைத்தேன், கீழே கையெழுத்து. ஏழு பிரதி எடுத்து ஒவ்வொரு துறைக்கும் ஒன்று, நோட்டீஸ் போர்டில் ஒன்று. பசை காயும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

மத்தியானத்துக்குள் உவமை இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

ஆசிரியர் அறையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. ரங்கன் எனக்கு மட்டும் டீ ஊற்ற மறந்துவிட்டார். "ரெண்டு உசிருங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொன்றும் எண்பத்தாறும் இப்போது என் கணக்கில். எண்பத்தாறு நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே போயாகிவிட்டது, ஆனால் அதை எடுத்துச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஜெபமலர் இரண்டு மாதம் இந்த அறையில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு அரை நாளே தாங்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் கேட்டேன். ஜெபமலரின் சான்றிதழில் 'நடத்தை: மிக நன்று' என்று மாற்றித் தாளாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றே விரைவுத் தபாலில் நானே அனுப்பினேன். இன்று மாலையில் போன் வந்தது. "கெடச்சிட்டு சார்" என்றார் ஜெபமலர். இங்கே அவர் இடத்தில் ஆள் போட்டாகிவிட்டது, திரும்ப எடுக்க மாட்டார்கள். இருபதாம் தேதி அவருக்கு நல்லபடியாக அமைய வேண்டும்.

எனக்கும் ஒரு உறை வந்திருக்கிறது. என் மேல் விசாரணைக் குழு. தலைவர், அவிநாசியப்பன் ஐயா. உறைக்குப் பின்னாலேயே அவரும் வந்தார். முகம் பார்க்காமல், சன்னல் கம்பியிடம் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சென்னியப்பன். செயலராப் போட்டிருக்கிற பையனுக்கு ரிப்போர்ட் எழுதத் தெரியலீங்க. நீங்க மார்ச்சுல எழுதுனது உங்ககிட்ட இருக்குமில்லீங்க? பேரை மட்டும் மாத்திக் குடுத்துட்டீங்கன்னா..."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து, மோட்டார் போட்டுவிட்டு, கணினியில் பழைய கோப்பைத் திறந்தேன். 'மரபை நன்கு அறிந்தவர். அறிந்தும் பிறழ்ந்துள்ளார்.' ஆமாம். 'போதிய வாய்ப்பு இருந்தும் மௌனம் காத்தார்.' ஆமாம். 'களங்கத்தை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.' அதுவும் சரி. எங்காவது ஒரு சொல்லாவது பொருந்தாமல் போகும் என்று கடைசி வரி வரை தேடினேன்.

பெயரை மட்டும் மாற்றினேன்.